மேடையே பள்ளிக்கூடம்: ஔவை சண்முகம்

தோட்டத்துத் திடலில்

தொலைக்காட்சி வீடுகளுக்கு வராத காலம் அது. கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் நாடகமும் உண்டு. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பகலெல்லாம் பால் வெட்டிய தொழிலாளர்கள், மாலையில் லயத்து முற்றத்தில் கூடி வசனத்தை மனப்பாடம் செய்வார்கள். கோயில் திடலில் மூங்கில் கழிகளை நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, பழைய சேலைகளைத் திரையாகத் தொங்கவிட்டால் மேடை தயார். கேஸ் விளக்கின் வெளிச்சத்தில் அரிச்சந்திரன், பவளக்கொடி, வள்ளி திருமணம் ஆகிய கதைகள் விடிய விடிய நடக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்பார்கள்.

அந்தத் தொழிலாளர்களுக்கு நாடகம் கற்றுக்கொடுக்கக் கல்லூரி எதுவும் இல்லை. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் நினைவிலும் பாட்டிலும் அந்தக் கலை கடல் கடந்து வந்தது. அவர்கள் ஆடிய கதைகளுள் வள்ளி திருமணம், பவளக்கொடி போன்றவற்றை மேடைக்கு ஏற்றபடி எழுதிப் புகழ்பெறச் செய்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவரிடம் சிறுவனாகப் பயின்று, பின்னர் தமிழ் நாடக மேடையின் தலைசிறந்த நடிகராகவும் இயக்குநராகவும் உயர்ந்தவர் தி. க. சண்முகம். மக்கள் அவரை ஔவை சண்முகம் என்று அழைத்தார்கள். ஆண் ஒருவருக்கு ஔவை என்னும் பெயர் எப்படி வந்தது என்பதும், பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டிய வயதில் மேடையேறிய ஒருவர் தமிழுக்கு எதைத் திருப்பித் தந்தார் என்பதும் அறிந்துகொள்ளத்தக்கவை.

ஆறு வயதில் மேடை

சண்முகம் 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை நாடகக் கலைஞர். அவர் மேடையில் பெண் வேடம் ஏற்று நடித்தவர். தி. க. என்னும் முதலெழுத்துகள் திருவனந்தபுரத்தையும் கண்ணுசாமியையும் குறிப்பவை. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நான்கு சகோதரர்களும் பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று பெயர் பெற்றார்கள்.

அந்நாளில் நாடகக்காரர்களுக்குச் சமுதாயத்தில் மதிப்பு இருக்கவில்லை. நாடகத்தை விரும்பிப் பார்த்தவர்களே, நடித்தவர்களைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்தார்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதும் பெண் கிடைப்பதும் அரிதாக இருந்தன. இந்த நிலைக்கு மேடையில் இருந்த சில குறைகளும் காரணமாயின. அப்போது ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை பரவியிருந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து புகழ்பெற்ற நடிகர்கள் நாடகம் நடக்கும் நாளில் வந்து சேர்வார்கள். ஒத்திகை இராது. ஒருவரை ஒருவர் பாட்டிலும் பேச்சிலும் மடக்கப் பார்ப்பார்கள். கதையை மறந்துவிட்டுப் போட்டியே மேலோங்கி நிற்கும். ஆசிரியர் எழுதிய வசனத்தைப் பொருட்படுத்துவோர் குறைவு.

இந்த ஒழுங்கின்மையைக் கண்டு மனம் வருந்தியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், தமிழ் இலக்கியம் கற்றவர், நடிகராகவும் விளங்கியவர். சொன்னதைக் கேட்டு ஒழுங்காகப் பயிலக்கூடியவர்கள் சிறுவர்களே என்று அவர் கருதினார். ஆகவே, 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்னும் சிறுவர் நாடகக் குழுவை உருவாக்கினார். கண்ணுசாமிப் பிள்ளை தம் மகன்களை அந்தக் குழுவில் சேர்த்தார். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில், மலாயாவில் முதன்முறையாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அங்கே தமிழ்ச் சிறுவர்கள் தோட்ட வேலைக்குப் போனார்கள். இங்கே இவர் நாடக வேலைக்குப் போனார். இரு இடங்களிலும் வறுமைதான் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கி வைத்தது.

ஓர் இரவில் பிறந்த நாடகம்

சிறுவர் நாடகக் குழுவைப் பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்தார்கள். பிள்ளைகள் அனைவரும் ஒரே வீட்டில் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாகப் பயில வேண்டும். பகலில் பாட்டும் வசனமும் நடிப்பும் பாடமாக நடக்கும். இரவில் மேடை. சில மாதங்கள் ஓர் ஊரில் நடித்துவிட்டு, திரைகளையும் உடைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்கு அந்த வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. வசனம் தவறினால் தண்டனை கிடைக்கும். வளரும் பருவத்தில் குரல் உடைவதை மகரக்கட்டு என்று நாடக உலகில் சொல்வார்கள். அந்தப் பருவம் வந்ததும், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த சிறுவன் திடீரென்று முக்கிய வேடத்தை இழப்பான். நேற்றுவரை கைதட்டல் பெற்றவன் இன்று திரை இழுப்பவனாக மாறுவதும் உண்டு.

குழுவுக்குப் பாடம் சொல்பவர் வாத்தியார் எனப்பட்டார். நாடகத்தை எழுதுபவரும், பாட்டுக் கற்பிப்பவரும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்பவரும் அவரே. இன்று இயக்குநர் என்று நாம் சொல்லும் பணி அன்று வாத்தியார் பணிக்குள் அடங்கியிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் அத்தகைய வாத்தியார். சிறுவன் சண்முகத்தின் திறமையைக் கண்ட அவர், அவனுக்காகவே ஒரு நாடகம் எழுத விரும்பினார். ஓர் இரவு விளக்கின் முன் அமர்ந்தார். விடிவதற்குள், ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடிக்கக்கூடிய அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடல்களும் வசனமுமாக எழுதி முடித்தார். அதில் அபிமன்யுவாக நடித்த சண்முகம், அந்த இரவைத் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. ஓர் ஆசிரியர் தம் மாணவனை நம்பி உறக்கத்தைத் துறந்தார் என்பது அந்தச் சிறுவனுக்குப் பெரும் பொறுப்பாக அமைந்தது.

அந்த ஆசிரியரின் நிழல் நெடுநாள் நீடிக்கவில்லை. சுவாமிகள் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். கணீரென்று பாடிய அவருடைய நாவால் பேசவும் இயலாமல் போயிற்று. அந்த நிலையிலும் அவர் குழுவுடனே இருந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் காலமானார். அப்போது சண்முகத்துக்குப் பத்து வயது.

சொந்தக் குழு

1925ஆம் ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். குழுவின் பெயரில் சண்முகத்தின் பெயர் இருந்தது. அவருக்கோ பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை. ஒரு நாடகக் குழுவை நடத்துவது என்பது பலருடைய உணவுக்கும் உடைக்கும் பொறுப்பேற்பதாகும். மழை பெய்து கொட்டகை நனைந்தால் அன்றைய வசூல் இல்லை. வசூல் இல்லாவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும். அண்ணன் தம்பிகள் வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த ஒற்றுமையே பல தடைகளைத் தாண்டி அவர்கள் குழு நிலைத்ததற்கு அடிப்படை.

இக்குழுவுக்கு ஆசிரியராக வந்த எம். கந்தசாமி முதலியார் புதிய வழியைக் காட்டினார். அதுவரை தொழில்முறைக் குழுக்கள் பெரும்பாலும் புராணக் கதைகளையே நடித்துவந்தன. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபாவில், வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பொழுதுபோக்காக உரைநடை நாடகங்களை நடித்தார்கள். படித்தவர்களின் அந்த நாடகங்களும், சமுதாய நாவல்களைத் தழுவிய நாடகங்களும் இப்போது தொழில்முறை மேடைக்கு வந்தன. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா நாவல் அவ்வாறு நாடகமானது. பாட்டு குறைந்து இயல்பான பேச்சு மிகுந்தது. அரசர்களும் முனிவர்களும் உலவிய மேடையில் வழக்கறிஞரும் குமாஸ்தாவும் மாமியாரும் மருமகளும் தோன்றினார்கள். மக்கள் தங்கள் வீட்டுச் சிக்கல்களை மேடையில் கண்டார்கள்.

உலகின் மற்ற பகுதிகளிலும் அந்தக் காலம் நாடகம் மாறிக்கொண்டிருந்த காலமே. ரஷ்யாவில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் அவருடைய நண்பர் நெமிரோவிச் தான்செங்கோவும் 1898இல் மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். நடிகர் தம்மை வெளிப்படுத்திக் கைதட்டல் வாங்குவதைவிட, பாத்திரத்தின் மனத்தை உணர்ந்து நடிப்பதே சிறந்தது என்று அவர்கள் கற்பித்தார்கள். நீண்ட ஒத்திகையும் கூட்டு உழைப்பும் அவர்களுடைய வழி. டி. கே. எஸ். குழுவினர் அங்கே சென்று பயின்றவர்கள் அல்லர். ஆனால், ஒத்திகையின்றி நடந்த போட்டி நாடகங்களைக் கண்டு வெறுத்த சுவாமிகளிடமிருந்து அவர்கள் பெற்ற பாடமும் ஏறக்குறைய அதுவே: கதை முதலில், நடிகர் பிறகு.

சண்முகம் அந்தப் பாடத்தைக் குழுவின் விதியாக்கினார். எழுதிய வசனத்தை மாற்றாமல் பேசுவது, சிறிய வேடத்தையும் அக்கறையுடன் ஒத்திகை பார்ப்பது, மேடையில் ஆபாசமான பேச்சுக்கு இடம் தராதது ஆகியவை அக்குழுவின் அடையாளங்களாயின. குடும்பத்தோடு சென்று பார்க்கத்தக்க நாடகம் என்னும் நற்பெயர் அதற்குக் கிடைத்தது. அந்தக் குழுவில் வளர்ந்தவர்கள் பலர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கே.ஆர். ராமசாமி, பின்னாளில் சேவா ஸ்டேஜ் குழுவை நிறுவிய எஸ்.வி. சகஸ்ரநாமம், திரைப்பட இயக்குநர் ஏ.பி. நாகராஜன் ஆகியோர் அவர்களுள் சிலர்.

நாடும் சமுதாயமும்

இந்திய விடுதலைப் போராட்டம் வலுவடைந்த காலத்தில் குழுவும் அதில் பங்கு கொண்டது. வெ. சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரன் நாடகத்தைத் தேசபக்தி என்னும் பெயரில் அவர்கள் நடித்தார்கள். கதை வேறொரு நாட்டில் நடப்பதாக இருந்தாலும், அடிமைப்பட்ட மக்களின் எழுச்சி யாரைக் குறிக்கிறது என்பதைப் பார்வையாளர்கள் புரிந்துகொண்டார்கள். பாரதியார் பாடல்களும் மேடையில் ஒலித்தன. நாளேடு படிக்கத் தெரியாதவர்களின் காதுகளுக்கும் அப்பாடல்கள் மேடை வழியாகச் சென்று சேர்ந்தன.

சமுதாயக் குறைகளையும் அவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். குமாஸ்தாவின் பெண் நாடகம், மகளுக்குத் திருமணம் செய்து வைக்க இயலாமல் தவிக்கும் ஏழைக் குமாஸ்தா குடும்பத்தின் துயரத்தைக் காட்டியது. வங்காள நாவல் ஒன்றைத் தழுவிய இக்கதை 1941இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. அந்தமான் கைதி, இராஜராஜ சோழன் ஆகியவையும் அக்குழுவின் புகழ்பெற்ற நாடகங்கள்.

1944ஆம் ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்களின் முயற்சியால் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு நடைபெற்றது. எழுத்தாளர்களும் அறிஞர்களும் நடிகர்களும் ஒரே பந்தலில் அமர்ந்து நாடகத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசினார்கள். கூத்தாடி என்று ஒதுக்கப்பட்டவர்கள் அழைத்து, அறிஞர்கள் வந்த மாநாடு அது.

ஔவையார் ஆன சண்முகம்

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் வழியாக ஔவையாரை அறிவார்கள். இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றவர், அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர், போரைத் தவிர்க்கத் தூது சென்றவர் என்று அவரைப் பற்றிய கதைகள் பல. 1940களில் டி. கே. எஸ். குழு ஔவையார் நாடகத்தை மேடையேற்றியபோது, அந்தப் பாத்திரத்தைச் சண்முகமே ஏற்றார். அப்போது அவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர்.

பெண் வேடம் ஏற்பது பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்களுக்குப் புதிதன்று. ஆனால், இளம்பெண்ணாக நடிப்பதற்கும் மூதாட்டியாக நடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. இங்கே அழகும் அணிகலன்களும் உதவமாட்டா. வளைந்த முதுகும் தளர்ந்த நடையும் நடுங்கும் குரலும் வேண்டும். அவற்றை மிகைப்படுத்தினால் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அரசர்களுக்கு முன்னும் தலைநிமிர்ந்து உண்மையைச் சொல்லும் புலமையின் மிடுக்கும் அந்தத் தளர்ச்சிக்குள் தெரிய வேண்டும். சண்முகம் அந்த இரண்டையும் ஒருசேரக் காட்டினார். மேடையில் நிற்பவர் ஓர் ஆண் என்பதை மறந்து, மக்கள் ஔவைப்பாட்டியையே கண்டார்கள். அந்நாடகம் பல ஊர்களில் பலமுறை நடைபெற்றது. அதன்பின் தி. க. சண்முகம் ஔவை சண்முகம் ஆனார். அவருக்கு வாய்த்த பட்டங்களுள் மக்கள் தாமாகவே சூட்டிய இந்தப் பெயரே நிலைத்தது.

பாரதியாரின் பாட்டு யாருக்குச் சொந்தம்?

1948ஆம் ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் நாடகம் திரைப்படமாக வந்தது. அதில் பாரதியாரின் பாடல் ஒன்று இடம்பெற்றிருந்தது. பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமையை ஏவி. மெய்யப்பச் செட்டியார் முறைப்படி விலை கொடுத்து வாங்கியிருந்தார். அனுமதியின்றிப் பாடலைப் பயன்படுத்தியதாகச் சண்முகத்தின் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டது.

சட்டப்படி பார்த்தால் உரிமையாளரின் பக்கம் நியாயம் இருந்தது. பணம் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொள்ளவும் வழி இருந்தது. ஆனால், சண்முகத்தின் மனத்தில் வேறொரு கேள்வி எழுந்தது. வறுமையில் வாடி 1921இல் மறைந்த ஒரு கவிஞர் நாட்டு மக்களுக்காகப் பாடிய பாட்டு, ஒருவருடைய தனிச்சொத்தாக இருக்கலாமா? பாரதியாரின் பாடல்கள் மக்கள் அனைவருக்கும் உரியவை என்னும் நிலையில் அவர் உறுதியாக நின்றார். எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன் போன்றோர் அவருடன் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். இந்த இயக்கத்தில் ஈடுபட்டவர்கள் திருநெல்வேலிக்குச் சென்று, பாரதியாரின் மனைவி செல்லம்மாவைச் சந்தித்து அவருடைய இசைவையும் பெற்றார்கள்.

முயற்சி வீண்போகவில்லை. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைத் தன்வசமாக்கியது. மெய்யப்பச் செட்டியாரும் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலேயே விட்டுக்கொடுத்தார். 1955இல் அந்தப் படைப்புகள் மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. ஒரு கவிஞரின் படைப்புகளை அரசே பெற்று மக்களுக்கு வழங்கியது அரிய நிகழ்ச்சி. இன்று எந்தப் பள்ளியிலும் எந்த மேடையிலும் எவருடைய அனுமதியும் கேளாமல் பாரதியார் பாடலைப் பாட முடிகிறது என்றால், அதற்கு வழிவகுத்தவர்களுள் ஒரு நாடகக் கலைஞரும் இருக்கிறார்.

திரைப்படமும் மேடையும்

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்தது. அதன்பின் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையரங்குகளாக மாறின. ஒரு முறை படம் பிடித்துவிட்டால் நூறு ஊர்களில் ஒரே நாளில் காட்டலாம். நாடகக் குழுவோ ஒவ்வோர் ஊருக்கும் தானே செல்ல வேண்டும். மேடையில் பயின்ற நடிகர்கள் பலர் படங்களுக்குச் சென்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குடும்பம் நடத்தப் பணம் வேண்டும். டி. கே. எஸ். சகோதரர்களும் 1935இல் மேனகா படத்தில் நடித்தார்கள். என்.எஸ். கிருஷ்ணனைத் திரையில் மக்கள் முதன்முதலில் கண்டதும் அந்தப் படத்தில்தான்.

ஆனால், சண்முகம் மேடையை விட்டுவிடவில்லை. பெரிய குழுவை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் பழைய முறை தேய்ந்த பின்னும், அவரும் அவருடைய சகோதரர்களும் சென்னையில் நாடகங்களைத் தொடர்ந்து நடத்தினார்கள். அரு. ராமநாதன் எழுதிய இராஜராஜ சோழன் நாடகத்தில் பகவதி மன்னராக நடித்துப் புகழ்பெற்றார். 1960களில் அந்தக் குழுவில் சேர்ந்து நடிப்புப் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் கமல்ஹாசன். பல ஆண்டுகளுக்குப் பின், 1996இல், அவர் மூதாட்டி வேடமிட்டு நடித்த படத்துக்கு அவ்வை சண்முகி என்று பெயர் வைத்தார். மாணவர் ஆசிரியருக்குச் செலுத்திய மரியாதை அது.

நன்றிக் கடன்

முறையான பள்ளிப்படிப்பு இல்லாத சண்முகம், நாடக வசனங்களின் வழியே தமிழ் கற்றார். கற்ற தமிழைக் கொண்டு நூல்களும் எழுதினார். நாடகக் கலை என்னும் நூலில் அந்தக் கலையின் வரலாற்றையும் இயல்பையும் விளக்கினார். 1972இல் எனது நாடக வாழ்க்கை என்னும் தன்வரலாற்று நூல் வெளிவந்தது. அதில் தம் புகழைப் பாடுவதற்குப் பதிலாக, தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களையும் தம்முடன் நடித்த தோழர்களையும் பற்றியே அவர் மிகுதியாக எழுதினார். இன்று தமிழ் நாடக வரலாற்றை ஆராய்பவர்கள் பலரும் அந்த நூலைத் தேடிப் படிக்கிறார்கள்.

சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் மறைந்துவிடக் கூடாது என்பதில் அவர் கருத்தாக இருந்தார். சுவாமிகளின் நினைவாக மன்றம் அமைத்தார். 1967இல் மதுரையில் சுவாமிகளுக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதற்கு முன்னின்றவர்கள் டி. கே. எஸ். சகோதரர்கள். ஒருகாலத்தில் நாடகக்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கிய ஊர்களுள் ஒன்றில், ஒரு நாடக ஆசிரியர் சிலையாக நின்றார்.

சண்முகத்துக்கும் சிறப்புகள் வந்து சேர்ந்தன. சங்கீத நாடக அகாதமி விருதைப் பெற்றார். தமிழ்நாட்டுச் சட்ட மேலவையின் உறுப்பினராக இருந்தார். 1971இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1973ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், தம் அறுபதாம் வயதில், அவர் காலமானார். அடுத்த சில வாரங்களில் இராஜராஜ சோழன் நாடகம் திரைப்படமாக வெளிவந்தது. அதை இயக்கியவர் அவருடைய குழுவில் வளர்ந்த ஏ.பி. நாகராஜன். சென்னையில் லாயிட்ஸ் சாலை என்று வழங்கிய சாலை இன்று ஔவை சண்முகம் சாலை எனப்படுகிறது.

எழுதப்படாத பெயர்கள்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டங்களின் முகம் இன்று மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை வளர்ந்திருக்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயங்களில் வாழ்ந்தவர்கள் பலர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். விடிய விடிய நாடகம் நடந்த திடல்கள் பல இருந்த இடம் தெரியாமல் போயின. பால்வாளியைக் கழுவி வைத்துவிட்டு அரிச்சந்திரனாக வேடமிட்டவர்களின் பெயர்களும், அவர்களுக்கு வசனம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களின் பெயர்களும் பெரும்பாலும் எந்த நூலிலும் இல்லை. பழைய மனிதர்கள் சிலரின் நினைவில் மட்டும் அவை இருக்கின்றன.

சண்முகத்தின் திறமை தமிழ் மேடைக்குப் புகழ் சேர்த்தது. அந்தத் திறமைக்கு ஈடாகப் போற்றத்தக்கது அவருடைய நன்றியுணர்வு. ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து தமக்காக நாடகம் எழுதிய ஆசிரியரை அவர் மறக்கவில்லை. ஆசிரியரைப் பற்றி எழுதினார். அவருக்குச் சிலை வைத்தார். அவரிடம் கற்றதை அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் தோட்டத்து நாடகத்தைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் மாணவர் எவரும் அதே பணியைச் சிறிய அளவில் செய்தவர் ஆவார்.